மீகூன் ஆன்ட்டி எடுத்த படம்

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிப்பார்கள். பக்கத்து அறையில் நீ துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. காலையில் நான் சுட்ட தோசையை ஒன்று மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாய். நலமாகத்தான் இருக்கிறாய். ஆகவே அந்தக் கேள்வியை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இன்று நேற்று வந்ததில்லை, இரண்டு வருடமாக உள்ளுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கிறேன். வாயால் சொன்னால் "சும்மா இருங்கம்மா" என்று சிரித்து முடித்துவிடுவாய். எழுதிக் கொடுத்தால் படித்துத்தான் ஆக வேண்டும். புது வேலைக்கு ஜொகூர் போகும் பஸ்ஸில் உனக்கு வேறு என்ன வேலை இருக்கப்போகிறது?

யார் மேல் பொறாமை என்று கேட்பாய். நீ கட்டிக்கொள்ளப் போகிறவள் மேல் என்று நினைத்தால் தப்பு, அப்படி ஒருத்தியை நீ இன்னும் எங்கள் கண்ணில் காட்டவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வட்டாரத்துச் சிலிபின் கோயில் மண்டபத்துக்கு உன்னிடம் புகைப்படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வருகிறார்களே, அந்தப் பிள்ளைகள் மேல்தான். பத்து வயது, பன்னிரண்டு வயது, மிஞ்சிப்போனால் பதினான்கு. அறுபதை நெருங்கும் ஒரு பெண்பிள்ளை அந்தப் பொடிசுகளைப் பார்த்து வயிறெரிகிறாள் என்றால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். இந்தக் கடிதத்தை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம், அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் சேர்த்து.

ஆரம்பத்தில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. விளம்பர அட்டை அடிக்கும் கம்பெனியில் வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, கிடைக்கிற ஒரே ஓய்வு நாளில் யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ இலவசமாக வகுப்பு எடுக்கிறேன் என்று நீ சொன்னபோது, இந்தப் பையனுக்கு ஏன் இந்தத் தலைவலி என்றுதான் நினைத்தேன். பிள்ளைகள் பசியோடு இருப்பார்கள் என்று நானாகத்தான் அரிசிச் சேமியாவை வேகவைத்து மீகூன் பிரட்டிக்கொண்டு, ஒரு பெரிய குடத்தில் மைலோ பானம் கலக்கிக்கொண்டு வந்தேன். மறுவாரமே நான் அவர்களுக்கு மீகூன் ஆன்ட்டி ஆகிவிட்டேன். உன்னை அண்ணே என்று கூப்பிட்டுச் சுற்றிச் சுற்றி வருவார்கள். என்னிடம் தட்டோடு வந்து நிற்பார்கள். அதில் குறை இல்லை. பாத்திரத்தின் பின்னால் நின்றுகொண்டு உன்னைக் கவனிக்க ஆரம்பித்தபோதுதான் எனக்குள் குடைச்சல் ஆரம்பித்தது.

மண்டபத்தின் இரண்டு தூணுக்கு நடுவே நைலான் கயிறு கட்டுவாய். பிள்ளைகள் கடையில் கழுவி அச்சுப் போட்டுக்கொண்டு வந்த படங்களைத் துணி காயப்போடும் கிளிப்பில் மாட்டுவார்கள். எந்தப் படத்திலும் பெயர் இருக்கக் கூடாது. யாருடையது என்று தெரியாமலே பார்க்க வேண்டும், பேச வேண்டும். இன்னொரு சட்டமும் போட்டாய். "நல்லா இருக்கு" என்ற சொல்லுக்கு அந்த மண்டபத்தில் தடை. எந்தப் பிள்ளையாவது வாய் தவறி "நல்லா இருக்குலா" என்று சொல்லிவிட்டால், "எது நல்லா இருக்கு? கை வெச்சுக் காட்டு" என்பாய். பிள்ளை திணறும். பிறகு படத்தின் கிட்டே போய், இந்த நிழல், இந்தப் பூனையின் காது என்று விரலை வைக்கும். முதலில் கண்ணுக்கு என்ன தெரிகிறது, அதில் எது பிடித்திருக்கிறது, எடுத்தவரிடம் கேட்க வேண்டும் என்றால் என்ன கேட்பாய். இவ்வளவுதான் உன் பாடம். கடைசியில் "அடுத்த தடவ" என்று ஆரம்பித்து நீ ஒன்று சொல்வாய். அது குறை மாதிரியே இருக்காது, மறுநாளே ஓடிப்போய் எடுத்துப் பார்க்கத் தோன்றும் ஒரு வேலையாக இருக்கும்.

இதையெல்லாம் பார்த்து ஒரு தாய் பெருமைப்பட வேண்டும். பட்டேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதே நேரத்தில் என் முந்தானையில் உன் பழைய கைப்பேசியை முடிந்து வைத்திருந்தேன். நீ புதிது வாங்கியபோது எனக்குத் தந்தது. அதில் நானும் படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். காலையில் மார்க்கெட்டில் மீன்காரர் ஐஸை உடைத்துக் கொட்டுவது, உன் அப்பா லாரி ஓட்டி ஓய்ந்த காலை நாற்காலியின் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு தூங்குவது, மழை நின்ற பிறகு சுண்ணாம்பு மலையை விட்டு மேகம் கலைவது என்று ஒவ்வொன்றாக எடுத்து உனக்கு அனுப்பினேன். பதிலுக்கு எனக்கு வந்தது தூக்கிக் காட்டுகிற ஒரு பெருவிரல் பொம்மை. சில நாள் பெருவிரலோடு "நல்லா இருக்கும்மா" என்றும் வரும். பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட நீ தடை போட்டிருக்கும் அதே சொல். உன் அப்பா ஒருநாள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒம்மவன் ஒத்தப் பெருவெரல வெச்சே காலத்த ஓட்டுறான்" என்றார். அவர் கேலிக்குச் சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

யாழினி வந்த பிறகுதான் இது முற்றியது. அந்த ஃபிளாட் வீட்டுப் பெண், எண்ணெய் வழியும் இரட்டைச் சடை, யாரிடமும் பேசமாட்டாள். முதல் தடவை அவள் மாட்டிய படம் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. அவளுடைய அம்மா துணி பிழிகிறாள், கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. என்னிடம் கேட்டிருந்தால், பெற்ற தாயின் தலையை வெட்டிவிட்டாயே பாவி என்று சொல்லியிருப்பேன். மற்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. கயிற்றுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாய். யாருடையது என்று அவள் முகத்திலேயே தெரிந்துபோயிற்று, அழுகிற பதத்தில் நின்றாள். "தலைய வேணும்னே விட்டியா, தவறிப்போச்சா?" என்று கேட்டாய். ஏதோ பெரிய ஓவியரிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாய். "தவறிப்போச்சு அண்ணே" என்றாள். "சரி. தவறிப்போனதுலயும் இந்தக் கை நல்லா விழுந்திருக்கு. நரம்பு தெரியுது, முறுக்குற பலம் தெரியுது. அடுத்த தடவ தலையோட ஒண்ணு, வேணும்னே தலைய விட்டு ஒண்ணு, ரெண்டும் எடுத்துக்கிட்டு வா. எது ஒனக்குப் புடிக்குதுன்னு நீயே சொல்லு."

தம்பி, மைலோ கலக்கும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். வேண்டுமென்றே செய்தாயா, தவறிப்போயிற்றா என்ற கேள்வியை என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்கவில்லை, பிரம்பு எடுத்தார். கமுந்திங் பக்கத்தில் கையுறை தயாரிக்கும் தொழிற்சாலையில் இருந்தபோது சூப்பர்வைசர் கேட்கவில்லை, சம்பளத்தில் கை வைத்தார். நான் செய்த தப்பெல்லாம் தப்பாகவே போய்ச் சேர்ந்தன. சரியாகச் செய்தவை யார் கண்ணிலும் படவில்லை. இப்போது ஒரு சின்னப் பெண்ணுக்கு அந்தக் கேள்வி கிடைக்கிறது, கேட்பவன் நான் பெற்ற பிள்ளை. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்காமல் போயிற்று. இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அவள் தட்டை நீட்டியபோது மீகூனில் முட்டையாகப் பார்த்து ஒதுக்கிவிட்டு வெறும் முட்டைக்கோஸாக வைத்தேன். அதையும் அவள் "தேங்க்யூ ஆன்ட்டி" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

மறுவாரம் அவள் இரண்டு படமும் கொண்டுவந்தாள். தலையில்லாத படம்தான் தனக்குப் பிடிக்கிறது என்று எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னாள், அம்மா முகம் காட்டினால் சிரித்துவிடுகிறாள், கை பொய் சொல்லாது என்று காரணமும் சொன்னாள். மண்டபமே கைதட்டியது. நானும் தட்டினேன், உள்ளங்கை எரிந்தது. அடுத்த ஞாயிறு அவள் வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. கைப்பேசி மாடிப்படியில் விழுந்து நொறுங்கிவிட்டதாம். எனக்குச் சுருக்கென்றது. கண் பட்டுவிட்டது, அது யார் கண் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு மண்டபத்தைக் கூட்டும்போது அவள் மாட்டியிருந்த பழைய படத்தைக் கயிற்றிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்து அந்தப் படத்தைச் சுற்றினேன். உன் அப்பா அடுப்படி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மனுசனுக்குச் சுத்துவாங்க, மாட்டுக்குச் சுத்துவாங்க, காருக்குச் சுத்துவாங்க. போட்டோவுக்குச் சுத்துற மொத ஆளு நீதான்" என்றார். மிளகாயை நெருப்பில் போட்டேன். கண் படாமல் இருந்தால் நெடி மூக்கைத் துளைக்கும், இருமி இருமிக் கண்ணீர் வரும். பட்டிருந்தால் நெடியே வராது. தம்பி, ஒரு தும்மல்கூட வரவில்லை. மிளகாய் கரியாகிற வரைக்கும் நான் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். இருமல் வர வேண்டும் என்று அத்தனை தெய்வத்தையும் வேண்டினேன். அதற்கு மறுவாரம் நீ என்ன செய்தாய்? உன் பழைய கேமராவை, எனக்குத் தொடக்கூடத் தராத கேமராவை, அந்தப் பெண்ணின் கழுத்தில் மாட்டிவிட்டாய். என் கண் பட்டதன் பலன் அவளுக்குக் கேமரா, எனக்கு இன்னொரு வயிற்றெரிச்சல்.

நீ சின்னவனாக இருந்தபோது உன்னை நான் யார் முன்னாலும் பாராட்டியதில்லை. காரணம் இதேதான். உன் பள்ளிக்கூடத்து டீச்சர் வீட்டுக்கே வந்து, கை வேலையில் இவன்தான் முதல் என்று சொன்னபோது, "அட போங்க டீச்சர், வீட்ல ஒரு துரும்ப நவுத்த மாட்டான்" என்றேன். உன் சித்தி ஒருமுறை நீ வரைந்த படத்தைக் கையில் எடுத்து வியந்தபோது, அதைப் பிடுங்கி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். அன்று சாயங்காலம் உன் காதுக்குப் பின்னால் மை வைத்தேன், சுற்றிப்போட்டேன், அதுதான் என் பாராட்டு. அது உனக்கு எப்படித் தெரியும்? நான் செய்தது எதுவுமே உங்களுக்குப் பிடிக்காதா என்று நீ ஒருதடவை கேட்டாய். போய்ச் சாப்பிடு என்றேன். எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் எல்லோரும் செய்கிற தப்புதான் இது, பிள்ளைக்குக் கண் படக்கூடாது என்று அதன் காதிலேயே விழாதபடி பாராட்டுவது. என்னிடம் கிடைக்காத ஒன்றை நீ எங்கேயிருந்தோ கற்றுக்கொண்டு வந்து ஊர்ப் பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுக்கிறாய். யாரிடம் கற்றாய் என்று நான் கேட்டதில்லை. யாராக இருந்தாலும் அவர் மேலும் எனக்குப் பொறாமைதான்.

இவ்வளவு சொன்ன பிறகு உன் குறையையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரிடமும் நீ சரியாக இருப்பதில்லை. பொறாமைப்படுகிறவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. எந்தப் பிள்ளையின் எந்தப் படத்துக்கு நீ எவ்வளவு நேரம் குந்தி உட்கார்ந்தாய் என்பது உன்னைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். முகேஷை எடுத்துக்கொள். வந்த நாளிலிருந்தே நன்றாக எடுப்பவன். ஏரியில் மலை தலைகீழாகத் தெரிகிற படம் ஒன்று கொண்டுவந்தான், நீ "சூப்பர்டா" என்று தோளைத் தட்டினாய். அதற்குப் பிறகு அவன் கொண்டுவருவதெல்லாம் ஏரியும் தலைகீழ் மலையும்தான். ஒவ்வொரு வாரமும் நீ தோளைத் தட்டிவிட்டு, தடுமாறுகிற பிள்ளையிடம் போய்விடுவாய். ஒருநாள் அவன் தட்டோடு என் பக்கத்தில் நின்று, "ஆன்ட்டி, அண்ணே ஏன் எங்கிட்ட மட்டும் ஒண்ணும் கேக்க மாட்றாரு?" என்றான். நீதான் நன்றாக எடுக்கிறாயே என்றேன். "அதான் ஆன்ட்டி. நல்லா எடுத்தா பேசவே மாட்றாருலா" என்றான்.

அதுவரைக்கும் அவன் மேலும் எனக்குப் பொறாமைதான் இருந்தது. அந்தப் பேச்சுக்குப் பிறகு அவன் என் கூட்டாளி ஆகிவிட்டான், அன்று அவன் தட்டில் இரண்டு முட்டை. யோசித்துப் பார். அவசரமாகச் சொல்கிற "சூப்பர்", கதவைச் சாத்துகிற மாதிரி. வெளியே நிற்பவனுக்கு அது பாராட்டா, போய் வா என்பதா என்று தெரியாது. திணறுகிற பிள்ளையிடம் நல்லதைத் தேடிப் பிடித்துச் சொல்கிறாய், அது சரி. தேறின பிள்ளையிடம் கேள்வியைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். மலையை விட்டுவிட்டு, அந்த ஏரிக் கரையில் தூண்டில் போடுகிறவர் முகத்தை எடுத்துப் பார் என்று அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ சொல்லாததால் நான் சொன்னேன். மீகூன் ஆன்ட்டி சொல்லிப் பையன் கேட்பானா என்று நினைக்காதே. போன மாதம் கயிற்றில் ஒரு கிழவர் வாயில் சிகரெட்டோடு புழுவைக் கோக்கிற படம் தொங்கியதே, நீகூட வெகுநேரம் பார்த்தாயே, அது அவன் எடுத்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று நீ வேன் பேசி, நான் பிறந்த தோட்டத்துக்குக் கூட்டிப்போனாயே, அந்த ஞாயிறு. ரப்பர் மரமெல்லாம் போய் எண்ணெய்க்காகச் செம்பனை வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் இப்போது வங்காளதேசத்துப் பையன்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளெல்லாம் கோயிலையும் பாம்பு செத்துக் கிடந்த கால்வாயையும் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் சாப்பாட்டுப் பொட்டலங்களை அவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்சம் நடந்தேன். லயத்துக் கடைசியில் பொதுக் குழாய். வேலை முடிந்து வந்த ஒரு பையன் ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். வெயில் சாய்வாக விழுந்தது. கைப்பேசியை எடுத்து நின்றேன். அவன் பூட்ஸைத் தூக்கி உதறுவான், தண்ணீர் சிதறும், ஆனால் நிழல் வந்துவிடும். மறுபடியும் கவிழ்ப்பான். காத்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை உதறியபோது தண்ணீர் மொத்தமும் வெயிலில் பற்றிக்கொண்டது. அப்போது அமுக்கினேன்.

அதை உனக்கு அனுப்பவில்லை. அனுப்பினால் பெருவிரல் வரும் என்று தெரியும். நேரே கடைக்குப் போய்க் கழுவினேன். அடுத்த ஞாயிறு பிள்ளைகள் தங்கள் படங்களை மாட்டிக்கொண்டிருந்த சந்தடியில் நானும் ஒன்றை மாட்டிவிட்டுப் போய்ப் பாத்திரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, உன் அப்பா என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படி அடிக்கவில்லை. நீ ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாய். என் படத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தாய். முதலில் என்ன தெரிகிறது என்று கேட்டாய். யாரோ தண்ணீர் என்றார்கள். ஆள் ரொம்பச் சின்னதாக இருக்கிறார் என்றது இன்னொரு பிள்ளை. நீ முகத்தைப் படத்தின் இன்னும் கிட்டே கொண்டுபோனாய்.

"தண்ணி மின்னுது பாருங்க. இது சும்மா கெடைக்காது. நின்னு, காத்திருந்து எடுத்திருக்காங்க. எடுத்தவங்க அவசரப்படாத ஆளு" என்றாய். பிறகு, "ஆனா தூரமா நிக்கிறாங்க. கிட்ட போகப் பயமா, இல்ல அந்த ஆளத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னா? எனக்குத் தெரியல, எடுத்தவங்கதான் சொல்லணும். அடுத்த தடவ ரெண்டு எட்டு முன்னால போயிப் பாருங்க" என்றாய். யாருடையது என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கை தூக்கவில்லை. பேர் வேண்டாம், படம் போதும் என்று சொல்லிவிட்டு நீ அடுத்ததற்குப் போனாய். நான் வெங்காயம் நறுக்குகிறவள் போலக் குனிந்துகொண்டேன். நறுக்க அங்கே வெங்காயம் இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது. முன்பின் தெரியாத ஆம்பிளை பூட்ஸ் கழுவுகிற இடத்துக்கு ஒரு பெண்பிள்ளை எப்படியடா கிட்டே போவாள்? அந்த லயத்தில் வளர்ந்தவளுக்கு அந்தக் குழாயடியில் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று காலுக்கே தெரியும். ஆனால் நீ அதையும் கேள்வியாகத்தானே கேட்டாய், தெரியவில்லை என்றுதானே சொன்னாய். வீட்டுக்கு வந்து கைப்பேசியில் இருக்கிற அத்தனை படத்தையும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். மீன்காரர் தூரத்தில். உன் அப்பா தூரத்தில். உன் பட்டமளிப்பு விழாவில்கூட நீ எங்கோ ஒரு தொப்பியாக நிற்கிறாய். எல்லாவற்றையும் நான் தள்ளி நின்றே பார்த்திருக்கிறேன். என்னைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை. அவசரப்படாத ஆள் என்றும் யாரும் சொன்னதில்லை. இரண்டும் ஒரே மூச்சில் கிடைத்தன. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

போன வாரம் அடுப்படியில் நின்று, "நான் போனப்புறம் கிளாஸ யாராச்சும் எடுப்பாங்கம்மா, நீங்க மண்டபத்துச் சாவிய மட்டும் பாத்துக்குங்க, புள்ளைங்களுக்கு மீகூன் போடுங்க" என்றாய். நான் தலையை ஆட்டினேன். உன் அப்பாவைக் கேள், அன்று பாத்திரம் கழுவுகிற சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். யார் எடுப்பார்கள்? அந்தக் கயிற்றில் தொங்கிய ஒவ்வொரு படமும் எனக்கு மனப்பாடம். யாழினியிடம் அவசரப்படுத்தாமல் கேட்க வேண்டும், முகேஷை விடாமல் கேட்க வேண்டும், தலை வெட்டுகிற பிள்ளையிடம் முதலில் காரணம் கேட்க வேண்டும், பிடித்ததில் விரல் வைத்துக் காட்ட வேண்டும், "அடுத்த தடவ" என்று முடிக்க வேண்டும். கேமராவில் இருக்கிற எண்களெல்லாம் எனக்குத் தெரியாது, அதற்கு முகேஷ் இருக்கிறான். சாவி என்னிடம்தான் இருக்கிறது. நான் எடுக்கிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, தெரியப்படுத்துகிறேன்.

ஆனால் அதற்கு முன்னால் எனக்கு ஒன்று நடந்தாக வேண்டும். இன்று காலையில் உன் அப்பா வந்து என்னிடம் சொன்னார். நீ பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே ஒரு படத்தை வைத்தாயாம். பூட்ஸ் கழுவுகிற படம். அவர் யாருடையது என்று கேட்டதற்கு, "யாரோ ஒரு புள்ள எடுத்ததுப்பா. பேரு சொல்லல. பாக்கத் தெரிஞ்ச புள்ள, இத எடுத்துட்டுப் போயி ரூம்ல மாட்டப்போறேன்" என்றாயாம். சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டதும் எனக்கு வயிறு பற்றி எரிந்தது. என் பிள்ளை பெட்டியில் அம்மா படம் ஒன்றுகூட இல்லை, யாரோ பெற்ற பிள்ளையின் படம் ஜொகூருக்குப் போகிறது என்று அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தப் பிள்ளை யார் என்று எனக்கு நினைவு வந்தது. இத்தனை பேரைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக் கடைசியில் என்னைப் பார்த்தே பொறாமைப்பட்டிருக்கிறேன்.

நீ குளிக்கப் போயிருந்தபோது அந்தப் படத்தின் பின்னால் என் பெயரை எழுதிவிட்டேன். இந்த உறைக்குள் இன்னொரு படமும் இருக்கிறது. போன ஞாயிறு எடுத்தது. யாழினியின் படத்துக்கு முன்னால் நீ குந்தி உட்கார்ந்திருக்கிறாய், வாய் பாதி திறந்திருக்கிறது, ஏதோ கேட்க வருகிறாய். மீகூன் பாத்திரத்தை விட்டு வெளியே வந்து, பிள்ளைகளை விலக்கிக்கொண்டு, நீ சொன்ன இரண்டு எட்டும் முன்னால் வந்து எடுத்தேன். உன் நெற்றியில் வேர்வை தெரிகிறது. உன் காதுக்குப் பின்னால் நான் மை வைக்கிற இடம் தெரிகிறது. யார் எடுத்தது என்று பார்க்காதே, கயிற்றில் தொங்குகிறது என்று நினைத்துக்கொள். முதலில் என்ன தெரிகிறது, எதில் விரல் வைப்பாய், என்ன கேட்பாய், அடுத்த தடவை நான் என்ன செய்ய வேண்டும். பஸ் ஜொகூர் போய்ச் சேருவதற்குள் பதில் வர வேண்டும். பெருவிரல் வந்தால் மண்டபத்துச் சாவியைக் கிணற்றில் போட்டுவிடுவேன்.

அம்மா